யார் கடன்காரன்? – மொழியியல் பட்டத்தின் வரவும் செலவும்

1

'மொழியியல் படிச்சா என்ன கெடைக்கும்?' என்ற கேள்வியை நம் சிறுபத்திரிகைச் சூழலில் யாரும் கேட்டதாக ஞாபகம் இல்லை. மொழியியல் என்ன சொல்கிறது என்று கேட்டிருக்கிறோம். குறிப்பான், குறிப்பீடு, லாங், பரோல் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். அதைப் படிக்கப் போகிறவர் எந்தக் காசில் படிப்பார், படித்து முடித்து எதைச் சாப்பிடுவார் என்பது மட்டும் நம் சொல்லாடலுக்கு வெளியிலேயே இருந்து வந்திருக்கிறது. அப்படி வெளியில் நின்ற கேள்வி போன ஜூன் மாதம் துவாக்குடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டீக்கடையில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தது.

கேட்டவர் சிட்கோவில் ஒரு பேப்ரிகேஷன் பட்டறையில் வெல்டர். மகள் பி.ஏ. தமிழ் முடித்து, நுழைவுத் தேர்வு எழுதி, வெளிமாநிலத்தில் ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. மொழியியலுக்கு இடம் வாங்கியிருந்தாள். அவர் சொன்னது இது: "நீங்க தமிழ் எம்.ஏ. சார், ஒங்களுக்குத் தெரியும். ஹாஸ்டலு, மெஸ்ஸு, போக்குவரத்து எல்லாம் சேத்து ரெண்டு லட்சம் லோன் போடணும்ங்கிறா. போட்டா எடுத்துரலாமா?"

'போட்டா எடுத்துரலாமா' என்ற இந்தத் தொடரைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். போடுவது, எடுப்பது என்ற இரண்டு வினைகளும் காய்கறி மண்டியிலும் சீட்டுக் கம்பெனியிலும் புழங்குபவை. மனித மூலதனம் என்று தியோடர் ஷுல்ட்ஸ் 1961இலும் கேரி பெக்கர் 1964இலும் எழுதிய ஒரு பொருளாதாரக் கோட்பாடு முழுவதும் இந்த இரண்டு வினைகளுக்குள் அடக்கம். வெல்டர் அவர்களைப் படித்ததில்லை, படிக்கவும் வேண்டியதில்லை. அந்தக் கோட்பாடு இன்று பேங்க் விண்ணப்பப் படிவத்தின் வழியாகப் பேச்சுத் தமிழுக்குள் இறங்கிவிட்டது.

என்னிடம் இரண்டு பதில்கள் தயாராக இருந்தன. ஒன்று: 'வேண்டாங்கண்ணே, பி.எட். போடச் சொல்லுங்க.' இன்னொன்று: 'கல்வியைக் காசால் அளக்கக் கூடாது.' முதல் பதில் சந்தையின் குரல். இரண்டாவது அறத்தின் குரல் போலத் தோன்றும். உண்மையில் அது மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறவரின் குரல். இந்தக் கட்டுரை இரண்டு பதில்களையும் சந்தேகிக்கிறது.

2

முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். கணக்கைத் தொடாமல் கோட்பாடு பேசுவது நம் பழைய வியாதி.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டம் 2001இல் வந்தது. 4 லட்சம் வரை சொத்துப் பிணை கிடையாது. பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டால் போதும். படிக்கும் காலமும் அதற்கு மேல் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டு லட்சத்தை வருஷத்துக்கு ஒரு லட்சமாக வாங்குவதாகவும், வட்டி நூற்றுக்குப் பத்து என்றும் வைத்துக்கொள்வோம். முதல் லட்சத்துக்கு மூன்று வருஷத் தனிவட்டி 30,000. இரண்டாவது லட்சத்துக்கு இரண்டு வருஷ வட்டி 20,000. தவணை தொடங்கும் நாளில் கடன் இரண்டரை லட்சம். பத்து வருஷத்தில் கட்டினால் மாதத் தவணை சுமார் 3,300 ரூபாய். கட்டி முடிக்கும்போது கையை விட்டுப் போயிருப்பது ஏறத்தாழ 3,96,000. இரண்டு லட்சம் இரண்டு மடங்காகியிருக்கும்.

வரவுப் பக்கம் என்ன? தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு நிதி கிடைத்தால், 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி மாதம் 37,000, முதுநிலையானதும் 42,000. ஐந்து வருஷம் மூச்சு விடலாம், கடனையும் தீர்த்துவிடலாம். கிடைக்காவிட்டால்? தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர் பணி என்று ஒன்று உண்டு. 25,000 வரை உயர்ந்த தொகுப்பூதியம், வருஷத்துக்குப் பதினொரு மாதம். பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 23,000கூட வராது. (பல்கலைக்கழக மானியக் குழு வருகைதரு ஆசிரியருக்கு மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று 2019இலேயே எழுதி வைத்தது. அது எழுத்தாகவே இருக்கிறது.) அந்த இடமும் தமிழ் படித்தவருக்கு, ஆங்கிலம் படித்தவருக்கு. பள்ளிக்கூடத்தில் மொழியியல் என்று ஒரு பாடமே கிடையாது என்பதால் ஆசிரியர் வேலை என்ற பெரிய கதவும் மூடித்தான் இருக்கிறது. மிச்சம் இருப்பது மொழித்தொழில்நுட்பக் கம்பெனிகளின் கூலிவேலை: வாக்கியத்துக்கு இவ்வளவு, குரல்பதிவு மணிக்கு இவ்வளவு.

ஆக இந்தப் பட்டத்தின் வருமானத்துக்குச் சராசரி என்று ஒன்று இல்லை. இரண்டு முனைகள்தான் உண்டு. சராசரி எடுத்தால் யாருமே வாழாத ஒரு வாழ்க்கை கிடைக்கும்.

இனி இந்தக் கணக்கில் எழுதப்படாத வரிக்கு வருவோம். அந்தப் பெண் மேலே படிக்காமல் ஏதோ ஒரு ஆபீஸில் மாதம் 12,000க்குப் போகிறாள் என்று வைத்தால், இரண்டு வருஷத்தில் 2,88,000. அசலைவிட அதிகம். வராமல் போகப்போகும் இந்தத் தொகைதான் நிஜமான கடன். கொடுப்பது பேங்க் இல்லை, வீடு. அம்மா தன் வைத்தியத்தைத் தள்ளிப் போடுவாள், தம்பி பாலிடெக்னிக்கை விட்டு ஐ.டி.ஐ.யில் சேருவான், அப்படி அப்படிக் கொடுப்பார்கள். இதற்குப் பாஸ்புக் கிடையாது, வட்டி விகிதம் கிடையாது, 'கடன் தீர்ந்தது' என்று யாரும் கடிதம் தரமாட்டார்கள்.

அமெரிக்க அரசு 2015இல் 'காலேஜ் ஸ்கோர்கார்டு' என்று ஒன்றை வெளியிட்டது. 2019 முதல் அதில் படிப்புவாரியாகவே பார்க்கலாம்: இந்தக் கல்லூரியில் இந்தப் பட்டம் வாங்கியவரின் நடுநிலைக் கடன் இவ்வளவு, நடுநிலை வருமானம் இவ்வளவு. பயனுள்ள விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அட்டவணையிலும் வீடு கொடுத்த கடனுக்குக் கட்டம் கிடையாது. 1979இல் தன் விரிவுரைகளில் மனித மூலதனக் கோட்பாட்டைப் படித்துக் காட்டிய பூக்கோ, அது மனிதனைத் தனக்குத் தானே முதலாளியாகக் கட்டமைக்கிறது என்றார். துவாக்குடியில் அந்த 'தான்' தனியாள் இல்லை. ஒரு ரேஷன் கார்டில் இருக்கும் அத்தனை பேரும் சேர்ந்தது. லாபம் வந்தால் அவள் பெயரில் வரும். நஷ்டம் வந்தால் கார்டில் இருக்கும் எல்லோருக்கும் பங்கு.

3

'மதிப்பு' என்ற சொல்லை மொழியியல் பொருளாதாரத்திலிருந்துதான் எடுத்தது. சசூரின் மாணவர்கள் குறிப்பெடுத்து, அவர் இறந்த பிறகு 1916இல் வெளியான நூலில் ஐந்து பிராங்க் நாணயம் ஒன்று வருகிறது. அந்த நாணயத்தின் மதிப்பை இரண்டு வகையில் அறியலாம்: அதைக் கொடுத்து எவ்வளவு ரொட்டி வாங்கலாம் என்பது ஒன்று, ஒரு பிராங்க் நாணயத்தோடும் வேறு நாட்டு நாணயத்தோடும் ஒப்பிடுவது இன்னொன்று. ஒரு சொல்லும் அப்படித்தான். அதற்குள் மதிப்பு என்று எதுவும் உறைந்து கிடக்கவில்லை. பக்கத்துச் சொற்களிலிருந்து அது வேறுபடும் விதமே அதன் மதிப்பு.

இதைப் பட்டத்துக்குப் பொருத்திப் பார்க்கத் துவாக்குடியைவிட நல்ல இடம் கிடையாது. தஞ்சாவூர் ரோட்டில் சில கிலோமீட்டருக்குள் பெல், என்.ஐ.டி., சிட்கோ, அரசு கலைக் கல்லூரி எல்லாம் வந்துவிடுகின்றன. ஒரே டவுன் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் வெவ்வேறு ஸ்டாப்பில் இறங்குகிறார்கள்; இறங்கும் ஸ்டாப்தான் ஆளின் அர்த்தம். 1964இல் ஆர்.இ.சி.யாகத் தொடங்கி 2003இல் என்.ஐ.டி. ஆன நிறுவனத்தின் தரவரிசைக்கு, மாணவர் வாங்கும் நடுநிலைச் சம்பளமும் ஒரு அளவுகோல். அந்த மதிலைத் தாண்டினால் கலைக் கல்லூரி மாணவருக்கு அந்த அளவுகோல் பேசப்படுவதே இல்லை. அங்கே சம்பளம் மதிப்பின் பகுதி. இங்கே சம்பளத்தைப் பற்றிக் கேட்டால், 'அறிவுக்காகப் படி' என்ற உபதேசம்.

ஆனால் மதிப்பு என்பது உறவு என்றால், பொறியியலின் மதிப்பும் உறவுதான். பெல்லின் திருச்சி ஆலை 1960களில் செக்கோஸ்லோவாக்கிய ஒத்துழைப்போடு வந்தது. அதன் பாய்லர் ஆர்டரை நம்பிச் சுற்றிலும் துணைத் தொழிற்கூடங்கள் முளைத்தன. 2010களில் அனல்மின் நிலைய ஆர்டர்கள் சரிந்ததும் கடன் வாங்கி மெஷின் போட்ட பட்டறைகள் ஒவ்வொன்றாகக் கதவை இறக்கின. டீக்கடையில் அந்த வெல்டர் சொன்னார்: "எங்க கையில தொழில் இருக்குன்னுதான் சார் நெனச்சிருந்தோம். தொழில் அப்பிடியே இருக்கு. ஆர்டர்தான் இல்ல." சசூரின் மதிப்புக் கோட்பாட்டுக்கு இதைவிடச் சுருக்கமான உரையை நான் படித்ததில்லை. நெருப்பில் நின்று கற்ற வித்தை கையிலேயே இருக்கிறது; அதைச் சூழ்ந்திருந்த அமைப்பு நகர்ந்துவிட்டது; வித்தைக்கு மதிப்பு இல்லை.

எனவே, 'மொழியியலுக்கு மார்க்கெட் இல்லை, இன்ஜினியரிங்குக்கு உண்டு' என்பது படிப்புகளின் இயல்பைப் பற்றிய வாக்கியமாகாது. எந்தக் காலத்தில் யாருக்கு எது தேவைப்பட்டது என்பதைப் பற்றிய வாக்கியம் அது. கடன்களின் கதையும் அதுதான். பாரத ஸ்டேட் வங்கி சுமார் 847 கோடி ரூபாய்க் கல்விக்கடனை ஒரு தனியார் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு 381 கோடிக்கு விற்றது. ரூபாய்க்கு 45 காசு. கடனும் ஒரு குறி போலக் கைமாறுகிறது, மதிப்பிழக்கிறது. அந்த 55 காசுத் தள்ளுபடி வாங்கியவருக்குக் கிடைத்தது. படித்தவரிடம் வசூல் முழு ரூபாய்க்குத்தான்.

4

மொழியியலும் ஒரு காலத்தில் தேவைப்பட்டது. தேவைப்பட்டபோது அதைப் படிக்க யாரும் கடன் வாங்கவில்லை.

1955 வாக்கில் பூனா டெக்கான் கல்லூரியில் மொழியியல் கோடைப் பள்ளிகள் தொடங்கின. ராக்பெல்லர் அறக்கட்டளையின் பணம். 1956இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டன. எந்தப் பேச்சு எந்த மொழியின் கிளை, எல்லை எங்கே, பாடநூல் எந்த வழக்கில் என்ற கேள்விகளெல்லாம் ஆட்சியின் கேள்விகளாயின. தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மொழியியல் துறை எழுந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் உயராய்வு மையமுமானது. வ.அய். சுப்பிரமணியம் கேரளப் பல்கலைக்கழகத்தில் ஒரு துறையைக் கட்டினார். 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். 1969இல் மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் வந்தது. பழங்குடி மொழி ஒன்றுக்கு ஒலியனியலும் உருபனியலும் எழுதிக் கொடுத்த ஆய்வாளருக்கு ஒரு நிரந்தர நாற்காலி காத்திருந்தது. அந்தத் தலைமுறையின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர்களுடைய கணக்கில் செலவுப் பத்தியை அரசும் அறக்கட்டளையும் நிரப்பின என்கிறேன். படித்தவர் தலையில் கடன் ஏறவில்லை.

பிறகு தேவை தீர்ந்தது. அதாவது, மொழி பற்றிய அறிவை வைத்துச் செய்ய வேண்டிய காரியங்கள் முடிந்துவிட்டதாக ஆட்சி நினைத்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகமே நிதி நெருக்கடியில் விழுந்து 2013இல் தனிச் சட்டத்தின் மூலம் அரசின் கைக்கு வந்தது. ஊழியர்களில் பலர் 'உபரி' என்று கணக்கிடப்பட்டு வேறு கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். கல்விக்கடன் வட்டிக்கு மத்திய அரசு 2009இல் ஒரு மானியம் கொண்டுவந்தது, ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு. தொடங்கியபோது அது தொழிற்படிப்புக்கும் தொழில்நுட்பப் படிப்புக்கும் என்றே எழுதப்பட்டது. அந்த வாசகம் ஒரு வகைப்பாட்டியல். எது தொழில், எது தொழில் இல்லை என்று அது பிரிக்கிறது. மொழியைப் பற்றிய அறிவு பிரிவின் மறுபக்கத்தில் விழுகிறது. 2004இல் தமிழைச் செம்மொழி என்று அறிவித்த அரசுதான் ஐந்து வருஷத்தில் இந்த வாசகத்தையும் எழுதியது என்பதை நாம் சேர்த்து வாசிக்க வேண்டும்.

இதில் முரண் என்னவென்றால் தேவை உண்மையில் தீரவில்லை. 2022இல் மத்திய அரசு 'பாஷிணி' என்ற மொழிபெயர்ப்புத் தளத்தைத் தொடங்கியது. இன்று இயந்திரத்துக்குத் தமிழ் கற்பிக்க லட்சக்கணக்கான வாக்கியங்களும் மணிக்கணக்கான பேச்சும் வேண்டியிருக்கின்றன. 'போட்டா எடுத்துரலாமா' என்பதில் எழுவாய் எங்கே, எதை எடுப்பது என்று இயந்திரத்துக்குப் பிரித்துச் சொல்ல ஆள் வேண்டும். அந்த அறிவு மொழியியல் அறிவு. ஆனால் அது இப்போது நாற்காலியாக வருவதில்லை, எண்ணிக்கைக் கூலியாக வருகிறது. அன்று படிப்புக்கான செலவை அரசு ஏற்றது. பலன் பொதுவுக்குப் போனது. இன்று செலவு அந்தப் பெண்ணின் பெயரில். பலன் எங்கோ ஒரு கம்பெனியின் பெயரில்.

5

நம்மைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' 1982இல் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றரைப் பத்தாண்டு காலம் இந்த மாதிரிப் பத்திரிகைகளில் நாம் செய்த விமர்சனத்தின் கருவிகள் எல்லாம் மொழியியலிலிருந்து வந்தவை. இருமை எதிர்வு, ஒலியன், அடுக்கு, தொடர், பின்பு 'வித்தியாசம்'. இவற்றை வைத்துப் பிரதிகளைக் கட்டுடைத்தோம். மரபான தமிழ்த்துறைகளோடு சண்டை போட்டோம். நல்ல காரியம்தான். ஆனால் இந்தக் கருவிகளை வடித்த துறை சிதம்பரத்திலும் தஞ்சாவூரிலும் ஆள் குறைந்து கொண்டிருந்ததை நாம் ஒரு வரி எழுதவில்லை. 'அவங்க வெறும் விவரண மொழியியல்காரங்க, பட்டியல் போடுறவங்க' என்று தள்ளினோம். அவர்களும் நம்மை 'இலக்கணம் தெரியாத இலக்கியக்காரர்கள்' என்று தள்ளினார்கள். இரண்டு தள்ளல்களுக்கும் நடுவில் மாணவர் விழுந்தார்.

மொழியியலில் 'கடன்சொல்' என்று ஒரு கலைச்சொல் உண்டு. ஐனார் ஹாகன் 1950இல் இதைப் பற்றி எழுதும்போது, இந்த உருவகமே அபத்தமானது என்று சுட்டிக்காட்டினார்: கொடுத்த மொழியின் சம்மதம் கேட்கப்படுவதில்லை, வாங்கிய மொழி திருப்பிக் கொடுக்கப் போவதும் இல்லை. கொடுத்தவருக்கு எதுவும் குறைவதில்லை என்பதால் சொற்கள் விஷயத்தில் இது பாவமில்லை. நாம் மொழியியலிலிருந்து வாங்கியது இப்படிப்பட்ட கடன் என்றுதான் நினைத்துக்கொண்டோம். துறைகள் சொற்களைப் போல இல்லை. அவற்றுக்கு ஆள் வேண்டும், ஆளுக்குச் சோறு வேண்டும்.

அந்தத் துறைக்கும் ஒரு பழைய பாக்கி உண்டு. 1930களின் நடுவில் எமெனோ நீலகிரிக்கு வந்து தோடா, கோத்தா மொழிகளைப் பதிவு செய்தார். பரோவோடு சேர்ந்து அவர் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி 1961இல் வெளியானது. அதன் ஒவ்வொரு பதிவுக்கும் அடியில் ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையில் பொறுமையாக உட்கார்ந்து சொல்லிக் கொடுத்த ஒருவர் இருக்கிறார். 'தகவலாளி' என்பது அவருக்குத் துறை வைத்த பெயர். ஒரு மொழியை முழுசாகத் தலையில் வைத்திருப்பவருக்கு அன்றைய கூலி கிடைத்தது. அதைத் தாளில் இறக்கியவருக்குப் பட்டம் கிடைத்தது. இன்று பட்டம் வாங்கியவரே தகவலாளியின் கூலிக்கு இறங்கி வந்திருக்கிறார் என்பதை வரலாற்றின் பழிவாங்கல் என்று ரசிக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு இடத்திலும் ஏமாந்தவர் ஒரே பக்கத்து ஆள்தான்.

6

கடன் சம்பந்தப்பட்ட நம் சொற்களை ஒரு மொழியியல் மாணவர் வரிசைப்படுத்தினால் வேடிக்கையாக இருக்கும். அசல், பாக்கி, வசூல், ஜாமீன், ஜப்தி: எல்லாம் அரபு, பாரசீக வழி வந்தவை. வட்டியைப் பிராகிருத வழி வந்ததாகச் சொல்வார்கள். கடனைப் பற்றிய சொற்களே கடன்சொற்கள். 'கடன்' மட்டும் சொந்தம். அதன் உறவுச் சொற்கள் மலையாளத்திலும் கன்னடத்திலும் உண்டு. அந்தச் சொந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். திருப்பித் தர வேண்டிய பணமும் கடன், செய்ய வேண்டிய கடமையும் கடன். காலைக்கடன், நேர்த்திக்கடன், நீத்தார் கடன், செஞ்சோற்றுக் கடன் எதிலும் பணம் இல்லை.

ஜெர்மன் மொழியில் கடனுக்கும் குற்றத்துக்கும் ஒரே வேர்ச்சொல் என்பதை வைத்து நீட்ஷே 1887இல் ஒழுக்கத்தின் மரபுவழியை எழுதினார்: கடன்பட்டவன் குற்றவாளியாக உணரக் கற்றுக்கொண்ட கதை. தமிழில் கடன் குற்றத்தோடு சேரவில்லை, கடமையோடு சேர்ந்தது. இது நம்மை உயர்த்திவிடவில்லை. கடமை என்று சொல்லித்தான் வீடு அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கிறது. கடமை என்று சொல்லித்தான் பிறகு அவளிடம் வாழ்நாள் முழுக்க வாங்கும்.

ஆனால் இன்னொரு சொல் இருக்கிறது, 'கடன்காரன்'. கடன் வாங்கியவனும் கடன்காரன். கடன் கொடுத்துவிட்டு வாசலில் வந்து நிற்கிறவனும் கடன்காரன். 'கடன்காரனாயிட்டேன்' என்கிறபோது ஒருவன், 'கடன்காரன் வந்துட்டான்' என்கிறபோது இன்னொருவன். எவன் எவன் என்பதைச் சொல் தீர்மானிப்பதில்லை, வாக்கியம் தீர்மானிக்கிறது. பேங்க் படிவம் என்பது அப்படி ஒரு வாக்கியம். அதில் அந்தப் பெண் கடன்காரியாக எழுதப்படுகிறாள். வேறு வாக்கியமும் எழுத முடியும். 1816இல் எல்லிஸும் 1856இல் கால்டுவெல்லும் செய்த மொழியாராய்ச்சி இல்லாமல் 'திராவிடம்' என்ற சொல்லுக்கு இன்றைய அரசியல் பொருள் கிடையாது. அந்தச் சொல்லால் ஆட்சியும் கட்சியும் பாடநூலும் செம்மொழிப் பெருமையும் வந்தன. அந்த அறிவைத் தொடர்ந்து செய்ய முன்வருகிற ஒரு வெல்டர் மகளுக்கு இந்த நாடுதான் கடன்காரன் என்று எழுதினால் இலக்கணப் பிழை எதுவும் இல்லை.

இந்த இரண்டாவது வாக்கியத்தைக் காட்டி மாதாமாதம் 3,300 கட்ட முடியாது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான், 'காசைப் பார்க்காதே, படி' என்று சொல்ல நாக்கு எழவில்லை. டீக்கடையில் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணே, போட்டா எடுத்துரலாம்னு சத்தியமா சொல்ல முடியாது. எடுக்க முடியாம போனா அது அவ படிப்போட குத்தம் இல்ல, அவ குத்தமும் இல்ல. அத மட்டும் வீட்டுல இப்பவே பேசி வச்சுக்கங்க. ரெண்டாவது வருஷமே நெட் எழுதச் சொல்லுங்க. மாசாமாசம் வட்டிய மட்டுமாவது கட்டிட்டு வந்தீங்கன்னா அசலோட வட்டி சேராது." விமர்சகனாக இல்லை, கணக்கு தெரிந்த பக்கத்து வீட்டுக்காரனாகச் சொன்னேன். இந்த இரண்டும் வேறு வேறு வேலை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தது என் தவறு.

அடுத்த வாரம் மறுபடியும் வந்தார். நாலு லட்சத்துக்குள் மூன்றாம் ஆள் ஜாமீன் தேவையில்லை என்பது விதி. ஆனாலும் அவர் போன கிளையில், 'சம்பளக்காரர் யாராவது கையெழுத்துப் போட்டா நல்லது' என்று சொல்லியிருக்கிறார்கள். என்னைக் கேட்டார். சரி என்று போனேன். என் சம்பளச் சீட்டைப் பார்த்தார்கள்: சுயநிதிக் கல்லூரி, நிரந்தரமில்லாத வேலை, தொகுப்பூதியம். பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். எம்.ஏ. தமிழ் படித்து, குறியைப் பற்றிப் பதினைந்து வருஷம் எழுதிய என் கையெழுத்து அந்த மேஜையின் மேல் எதையும் குறிக்கவில்லை.

கடைசியில் விதியை அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டினோம். விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். அப்பா, மகள் என்று இரண்டு கையெழுத்து. திரும்பி வரும் பஸ்ஸில் அந்தப் பெண் கேட்டாள்: "சார், 'கூட்டுக் கடனாளி'ங்கிறதுல கூட்டு பெயரா, வினையா?" சேர்க்கை இன்னும் உறுதியாகவில்லை, படிப்பு தொடங்கிவிட்டது. நான் பதில் சொல்லத் தெரியாமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன். எங்கள் எம்.ஏ.வில் மொழியியல் ஒரே ஒரு தாள்தான்.